படம் ஏன் ஆடுகிறது?

பிப்ரவரி 3, செவ்வாய்

புது எக்கோ மெஷின் வந்துவிட்டது. இதயத்தின் நான்கு அறைகளும், நடுச்சுவரும், படபடவென்று திறந்து மூடும் வால்வுகளும் பளிச்சென்று தெரிகின்றன. பழைய மெஷினில் பத்து வருஷமாக நான் பார்த்ததெல்லாம் மூடுபனிதான் போலிருக்கிறது.

பொருத்துவதற்குக் கம்பெனியிலிருந்து ஒரு என்ஜினியர் வந்திருக்கிறார். வந்ததிலிருந்து மெஷினோடுதான் பேசுகிறார். "என்ன கண்ணா, சூடாயிட்டியா?" என்று அதைத் தடவிக் கொடுக்கிறார். எனக்கு ஒரு வணக்கம்கூடக் கிடையாது. மெஷின்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

நோயாளிகளைத் தொடுவதற்கு முன் புது மெஷினை ஆரோக்கியமான ஓர் இதயத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொருத்தியவரே படுப்பது எங்கள் அறையின் வழக்கம். மெஷின்காரர் சட்டையைக் கழற்ற அப்படி வெட்கப்பட்டார். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து நெஞ்சில் ஜெல்லைத் தடவியதும் ஜில்லென்று ஒரு துள்ளு துள்ளினார்.

அழகான இதயம். தொழிலில் இப்படிச் சொல்லக்கூடாது, இங்கே சொல்லலாம். மேலறைகள் ரத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. கண்ணிமைக்கும் நேரம் காத்திருந்து, நிரம்பிய கீழறைகள் இறுகுகின்றன. வலதுபக்க ரத்தம் நுரையீரலுக்கு, இடதுபக்க ரத்தம் உடம்பு முழுக்க. ஒருவரை ஒருவர் முந்தாமல், எல்லாம் சொல்லிவைத்தாற்போல.

எட்டி ஒரு பொத்தானை அழுத்தக் குனிந்தேன். என் பின்னல் அவர் தோளில் விழுந்தது. எழுபத்திரண்டில் இருந்த துடிப்பு சட்டென்று நூற்று அறுபது!

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பின்னலை எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தேன். சிறிது நேரத்தில் அவர் இருமினார். உடனே பழையபடி எழுபத்திரண்டு.

"ஒண்ணுமில்லையே?" என்றேன்.

"அப்பப்ப இப்படித்தான் ஆகுது" என்றார்.

அப்பப்ப என்றால்? நான் பக்கத்தில் வரும்போதெல்லாமா? ஐயோ.

பிப்ரவரி 5, வியாழன்

வாய் பொய் சொல்லும். இதயம் சொல்லுமா? அதுவும் எக்கோ எடுக்கிறவளிடமா?

பிப்ரவரி 9, திங்கள்

அவர் ஊர் திரும்பிவிட்டார். துடிப்பு எகிறிய அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. இடைவேளையில் போட்டுப் பார்க்கிறேன். இன்று மூன்று முறை. சரி, ஐந்து.

தங்கையிடம் சொன்னேன். ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டாள். இடது கீழறை ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். "மூஞ்சி எப்படிக்கா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் மூஞ்சியைச் சரியாகவே பார்க்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். கால் தரையில் பாவவில்லை எனக்கு.

பிப்ரவரி 12, வியாழன்

நான் படத்தைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தபோது பெரிய டாக்டர் பின்னால் வந்து நின்றுவிட்டார். பிடுங்காத குறையாகத் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"யாரோடது இது? பயமோ வெட்கமோ இருந்தா மெதுவா ஏறும், மெதுவா இறங்கும். இது சுவிட்ச் போட்ட மாதிரி ஏறி, இருமினதும் அணைஞ்சிருக்கு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். படிக்க வந்த முதல் வருஷமே தெரியும். மேலறையில் கிளம்பும் மின்சாரம் நடுவில் ஒரே வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு குறுக்குவழி இருக்கும். இதில் இறங்கி அதில் ஏறி, மின்சாரம் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் துடிப்பு தறிகெட்டு ஓடும். இருமினால் சில சமயம் நிற்கும். இத்தனையும் தெரிந்தவள், பின்னல்தான் காரணம் என்று நம்பியிருக்கிறேன்! எந்தக் கத்துக்குட்டியும் செய்யமாட்டாள்.

உடனே மெஷின்காரருக்குப் போன் செய்தேன். போன மாதம் மாடிப்படியில் மயங்கி விழுந்தாராம். யாரிடமும் சொல்லவில்லையாம். அடப்பாவி மனுஷா! உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? ஒரு வாரமா அதைப் பார்த்துப் பல்லைக் காட்டிட்டு இருந்தேனே.

பிப்ரவரி 13, வெள்ளி

வந்துவிட்டார். டாக்டர் சொன்னதுதான். அவ்வளவு வேகத்தில் ஓடினால் கீழறைகள் நிரம்ப நேரமில்லை, மூளைக்குப் போகிற ரத்தம் குறைகிறது, அதனால்தான் மயக்கம். இதயத்தின் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும், அது தளரும் இடைவெளியில்தான் பெரும்பாலும் நிரம்புகின்றன. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஓய்ந்து உட்காரும்போதுதான் தான் சாப்பிடுகிறது. எங்கள் அம்மாவேதான்.

முகத்தையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

தொடைப் பக்கத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை அனுப்பி, அந்தக் குறுக்குவழியைச் சுட்டு அடைத்துவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். பிழைத்தார். இனி வராதாம்.

என் காதலுக்கு இருந்த ஒரே சாட்சியையும் சுட்டுவிட்டார்கள். சந்தோஷத்தில் அழுதேனா, துக்கத்திலா? இரண்டும்தான்.

மார்ச் 18, புதன்

மறு எக்கோ. துடிப்பு எழுபது. குனிந்தேன், எழுபது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பின்னலை வேண்டுமென்றே விழவிட்டேன். அப்போதும் எழுபது. கல்லுளிமங்கன் இதயம்.

அப்போதுதான் திரையில் படம் ஆட ஆரம்பித்தது. மெஷின்காரர் பொறுப்பாரா? ஜெல் வழியும் நெஞ்சோடு எழுந்து பிளக்கைப் பார்த்தார். நெஞ்சில் வைத்துப் பார்க்கும் புரோப்பைக் கழற்றி வேறொன்று மாட்டினார். மறுபடி படுத்தார், மறுபடி ஆட்டம். கேபிளை ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். முடிவில் இருந்தது என் கை.

"கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்றார். "கைதான் ஆடுது. ஏன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன்: பின்னல், நூற்று அறுபது, ஐந்து முறை பார்த்த படம். அன்று எனக்காகத்தான் துடித்தது என்று நினைத்தேன், இன்று அது எழுபதைத் தாண்டவில்லை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு ஓடினது கோளாறு. அதுல என் பங்கு ஒண்ணுமில்லை. இந்த டெஸ்ட்டை எங்க ஊர்லயே எடுத்துக்கலாம்னு டாக்டர் சொன்னார். ரெண்டு பஸ் மாறி இங்க வந்தேன் பாருங்க, அது நான்."

என் கையிலிருந்து நழுவிய புரோப்பை அவர்தான் பிடித்தார். அதன் விலை அவருக்கல்லவா தெரியும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

புது வீட்டில் முதல் ஞாயிறு. அம்மா வந்தாள். அவர் ரிப்பேருக்கு வாங்கி வந்த அம்மாவின் மிக்ஸியும் தங்கையின் இஸ்திரிப்பெட்டியும் கூடத்தில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடப்பதைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் கால் வைக்க இடமில்லையே என்று புலம்பிவிட்டு, திருகுகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள்.

சாப்பிட்டதும் அவர் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டார். பழக்கதோஷம், என் விரல் அவர் மணிக்கட்டுக்குப் போனது. நாடி கிடைத்தது. எண்ணத் தோன்றவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நானும் தூங்கிப்போனேன்.