ஏழாம் அறை அடுப்பும் முனியசாமி ஓடிப்போனதாகச் சொல்லப்படுவதும்

அனுப்புநர்
ப. சோலையப்பன்,
கிரஷர் ஆபரேட்டர்,
அறை எண் 7, மேல் கேம்ப்,
மலைக் கல்குவாரி, ராஸ் அல் கைமா.

பெறுநர்
திரு. சீதாராமன் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலர்,
நிறுவனத் தலைமை அலுவலகம்,
ராஸ் அல் கைமா.

பொருள்: எங்கள் அறையில் வசிக்கும் முனியசாமி ஓடிப்போகவில்லை என்பது – அவர் பெயரில் தயாராகியுள்ள படிவத்தை நிறுத்தக் கோருவது – ஏழாம் அறையின் ஆறு கம்பளிகளைத் திரும்பக் கேட்பது – தொடர்பாக.

பார்வை: 'ஓர் அறைக்கு ஒரு வெப்ப வசதி' என்ற தங்கள் சுற்றறிக்கை, நாள் 4.1.2009.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் படிப்பவர் என்பதாலும், கீழ்க்காணும் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதாலும் இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன்.

1. டிரில்லிங் பிரிவில் வேலை செய்யும் முனியசாமி கடந்த செவ்வாய், புதன் ஆகிய இரு நாள்களும் காலை ஐந்து மணித் தலை எண்ணிக்கையின்போது அறையில் இல்லை. இது உண்மை. அவ்விரு நாள்களும் காலை ஆறு மணிக்கு அவர் டியூட்டியில் இருந்தார். இதுவும் உண்மை. கேம்ப் பதிவேடு ஒருவரிடமும் டைம் கார்டு வேறொருவரிடமும் இருப்பதால், முனியசாமி ஒரே நாளில் ஓடியும் போயிருக்கிறார், பத்து மணி நேரம் பாறையில் துளையும் போட்டிருக்கிறார். இதில் முதல் செய்தியை மட்டும் வைத்து, அவர் தலைமறைவானதாகப் படிவம் தயாராகியுள்ளது. அது ஞாயிற்றுக்கிழமை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனால் அவருக்கு வேலையும் விசாவும் போகும். மறுபடி இந்த நாட்டுக்குள் கால் வைக்கவும் முடியாது. ஆகவே அவர் எங்கே இருந்தார் என்பதைத் தாங்கள் அதற்கு முன் அறிய வேண்டும்.

2. அதற்கு அடுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேம்ப்பைப் பார்வையிட வருகிறார்கள் என்று கடந்த டிசம்பரில் எங்கள் அறையில் ஓர் அடுப்பு வைக்கப்பட்டது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளைத் தானே எடுத்துத் தானே எரித்து அறையைச் சூடாக்கும் ஐரோப்பிய அடுப்பு அது. கண்ணாடிக் கதவு, ரிமோட் எல்லாம் உண்டு. மரமே இல்லாத மலையில் மர அடுப்பு எதற்கு என்று கேட்க எங்களுக்குத் தகுதி இல்லை. பார்வையாளர்கள் வந்த அன்று, அடுப்போடு வந்த ஒரு மூட்டைக் குச்சி எரிந்தது. ஆறு பேரும் அதன் முன் உட்கார்ந்து சிரித்தோம். அந்தப் படம் தங்கள் அலுவலக வரவேற்பறையில் மாட்டப்பட்டிருப்பதாகக் கேள்வி. சிரிப்பு உண்மையானது, அன்று உண்மையிலேயே சூடாக இருந்தது.

3. பிறகு தங்கள் சுற்றறிக்கை வந்தது. அடுப்பும் ஒரு வெப்ப வசதி, கம்பளியும் ஒரு வெப்ப வசதி. இரண்டும் ஓர் அறையில் இருக்கலாகாது. அடுப்பு இரண்டாள் சுமை என்பதால் கம்பளிகளை எடுத்துப்போனார்கள். ஆறுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

4. ஜனவரி இரண்டாம் வாரம் நாற்பது மூட்டைக் குச்சிகள் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தன. மூட்டையில் எழுதியிருந்தது யாருக்கும் படிக்க வராத மொழி. படம் மட்டும் புரிந்தது: ஒரு பச்சை இலை. ஸ்டோர் கீப்பர் செல்வசிங் ஒரு குச்சியை எடுத்து நசுக்கி, மோந்து பார்த்து, "லேய், இது கபீலுக்க ஆட்டுத் தீவனம்லா! எல போட்டிருக்கான் பாரு. யல்லா, ஏத்து வண்டியில" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நீளத்திலும் நிறத்திலும் தீவனக் குச்சிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அடுப்பெரிக்கும் குச்சியை இந்த நாட்டில் அவர் இதற்கு முன் கண்டதும் இல்லை. நாற்பது மூட்டையும், நமக்கு விசா கொடுத்த முதலாளியான கபீல் அவர்களின் மலையடிவார ஆட்டுப் பண்ணைக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்து உண்மையான ஆட்டுத் தீவனம் வந்தபோது, பதிவேட்டில் தீவனக் கணக்கு ஏற்கெனவே முடிந்து, மிச்சமிருந்தது அடுப்புக் கணக்கு ஒன்றுதான் என்பதால், அது எங்கள் அறைக்கு வந்தது.

5. நாங்களும் அதை அடுப்பில் போட்டோம். அரை மணி நேரம் புல் கருகும் வாடை வந்தது. பிறகு அடுப்பு விக்கி நின்றுவிட்டது. கபீலின் தீவனத்தை எரித்ததற்காக எங்கள் ஆறு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மனுவுடன் இணைத்துள்ளேன், வாடை இன்னும் அதில் இருக்கிறது. அன்றிலிருந்து அடுப்பு ஒரே ஒரு வேலையைத் தவறாமல் செய்கிறது. அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை முகப்பில் பச்சை எண்ணில் காட்டுகிறது. நேற்று காலை ஆறு டிகிரி. சென்ற வாரக் கடைசியில் மேல்மலையில் பனி விழுந்து, அதைப் பார்க்கத் துபாயிலிருந்து குடும்பத்தோடு கார்களில் வந்தார்கள். கம்பளி போர்த்தியிருந்தார்கள்.

6. ஆட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்பவர் இராமநாதபுரத்துக்காரர் ஹபீப் முகம்மது. குச்சிகள் குறித்து அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஒருக்கா வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருச்சுக. அப்புறம் அது மேலயே படுத்துக்கிருச்சுக. ஆட்டுக்கு இருக்குற வெவரம் உங்க ஆபீசுக்கு இல்லண்ணே." அவர் நாற்பது மூட்டையையும் கொட்டிலில் பரப்பிவிட்டார். ஈரத்தை உறிஞ்சித் தரையைக் காய்ந்த நிலையில் வைத்திருக்க அதைவிடச் சிறந்த பொருள் இல்லையாம். ஆடுகள் நலமாக உள்ளன.

7. முனியசாமி நலமாக இல்லை. பாறைத்தூசியில் வேலை செய்பவர். குளிர் ஏறியதும் நெஞ்சில் சளி கட்டிப் பதினெட்டு நாளாக இருமுகிறார். கேம்ப் கிளினிக்கில் இரண்டு மாத்திரை கொடுத்து, அறையைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, கபீல் ஆடு இருமுனா டாக்டர் வண்டி வருது. நான் இருமுனா, 'பாய், வெளிய போய் இருமு'ங்கிறாங்க." இதைக் கேட்டபின், ஆட்டுக் கொட்டிலில் போய்ப் படுக்கும்படி அவரிடம் சொன்னவன் நான்தான். ஹபீப் பாயும் மறுக்கவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு இரவும் முனியசாமி நாற்பது ஆடுகளுக்கு நடுவே, எங்கள் அறைக்கென்று வாங்கிய குச்சிகளின் மேல் தூங்கி, விடிந்ததும் நேரே சைட்டுக்கு ஏறி வந்தார். இருமல் பாதியாகக் குறைந்தது.

8. கேம்ப் சூப்பர்வைசர் புதன்கிழமை அவர் அங்கே போவதைத் தடுத்துவிட்டார். நேற்றிரவு இருமல் திரும்பிவிட்டது. ஐயா, ஒரு தொழிலாளி முதலாளியிடமிருந்து தப்பி ஓடினால்தான் அவரைத் தலைமறைவு என்பார்கள். முனியசாமி ஓடிய இடம் முதலாளியின் சொந்தக் கொட்டில். படுத்தது முதலாளி காசு கொடுத்து வாங்கிய பொருள் மேல். சாட்சி, முதலாளியின் ஆடுகள். இதைவிட நெருக்கமாக ஒருவர் தம் கபீலிடம் போய்ச் சேர முடியாது. இதில் தவறு இருந்தால் அது யோசனை சொன்ன என்னுடையது. படிவத்தில் என் பெயரை எழுதுங்கள். நான் இரு நாளும் ஐந்து மணிக்கு அறையில்தான் இருந்தேன் என்பது மட்டும் அதற்கு இடைஞ்சலாக இருக்கும்.

9. எனவே, முனியசாமி மீதான படிவத்தை ரத்து செய்து, அவரைக் கீழே நகரத்தில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, எங்கள் ஆறு கம்பளிகளையும் திருப்பித் தர ஆணையிட வேண்டுகிறேன். அடுப்பை எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. குச்சிகளை ஆடுகளிடமிருந்து திரும்பப் பெற வேண்டாம். அவற்றின் இப்போதைய நிலையில் யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டார்கள்.

10. இம்மனுவில் முனியசாமியும் கையொப்பமிட விரும்பினார். ஓடிப்போனவரின் கையொப்பம் செல்லாது என்று கேம்ப் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகவே, இதைத் தங்களிடம் சேர்க்கும் வேலையை அவரிடம் கொடுத்துள்ளேன். இப்போது தங்கள் மேசைக்கு எதிரே, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்பவர் அவர்தான். முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். அதன்பின் அவரைக் காணவில்லை என்ற படிவத்தைத் தங்கள் மனசாட்சிப்படி என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

இடம்: மேல் கேம்ப், ராஸ் அல் கைமா
நாள்: 29.1.2009

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ப. சோலையப்பன்
(அறை எண் 7இல் வசிக்கும் மற்ற நால்வரின் கையொப்பங்களும் பின்பக்கத்தில் உள்ளன)