கரைச் சுவரில் நிற்கும் படகோட்டி

மார்ச் 4

என் வீட்டுப் படகோட்டிக்கு,

நானும் மகளும் சௌக்கியம். நீங்கள் வெளியூரில் காவல் காக்கும் கிடங்கை இன்னும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று நம்புகிறேன்.

நம் ஆறு வற்றியதைக் கரைச் சுவரில் வரைய நகராட்சி ஒரு ஓவியக்காரப் பெண்ணை அனுப்பியிருக்கிறது. ஒரு முனையில் நிறைந்த தண்ணீர், போகப் போகக் குறைந்து மறுமுனையில் வெறும் மணல். தெருவே சண்டைக்குப் போனோம். "தினம் பாக்குற மணல் போதாதாம்மா? சுவத்துலயாவது தண்ணி ஓடட்டும்" என்று கத்தியது நான்தான். பாவம், முழுக்க நீலமாக்கிவிட்டாள். நடுவில் படகு, அதில் நீங்கள். தலைமுடியைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் போனாலே உங்கள் குரல் கேட்கிறது: "ஏறுறவங்க ஏறுங்க, வம்பு பேசுறவங்க அக்கரையில பேசுங்க!" என்னைப் பார்த்துத்தானே சொல்வீர்கள்? ஒரு நடை வந்து பாருங்களேன். வந்தால் இருந்துவிடுங்களேன்.

உங்கள் வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

கிடங்கு இருக்கிறது. நான் வரவில்லை.

செத்த ஆற்றைப் பார்த்தால் நாலு பேராவது ஏன் என்று கேட்பார்கள். நிறைந்த ஆற்றைப் பார்த்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கடைசி நாள் தரை தட்டிய படகை ஒற்றை ஆளாக இழுத்துக் கரையில் போட்டவன் நான். அந்த மணலை மறைத்த ஊரில் எனக்கென்ன வேலை?

மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

கிடங்குக் காவலாளி

ஏப்ரல் 2

கோபக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைச் சுவரடியில் நின்று தெருவுக்கே படித்துக் காட்டினேன். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார். சலவைக்கார அக்கா மூக்கை உறிஞ்சினாள். "மணலையும் வரைஞ்சிடும்மா" என்று முதலில் சொன்னது நான்தான். மறுநாளே பாதிச் சுவரில் நீலம் போய் மணல் வந்துவிட்டது. இப்போது நின்று பார்க்காமல் யாரும் போவதில்லை. நகராட்சித் தலைவரைக்கூட நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டோம். வேர்த்துவிட்டது மனிதருக்கு.

ஆனால் படகு மணல் பக்கம் மாட்டிக்கொண்டது. தண்ணீரே இல்லாத இடத்தில் துடுப்புப் போடுகிறீர்கள்! பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. "அவரைக் கீழ இறக்கிடும்மா" என்றேன். இறக்கியவள் கேட்கிறாள்: "அண்ணன் எந்தப் பக்கம் நடக்கணும் அக்கா? ஊரை விட்டுப் போறாரா, வீட்டுக்கு வர்றாரா?"

"கேட்டுச் சொல்றேன்" என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இடுப்புக்குக் கீழே இன்னும் வரையவில்லை. என்ன சொல்லட்டும்?

வாயாடி

ஏப்ரல் 9

அடியே,

செருப்புப் போட்டு வரையச் சொல். நம் தெரு வந்து சேரும்வரை மணல் சுடும்.