குண்டனுக்குத் தேதி மறந்துபோனது

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டே முக்காலுக்கு டாக்டர் போன் செய்தாள். வீட்டில் அப்படிக் கூப்பிட்டால் முறைப்பாள். இங்கே எழுதிக்கொண்டால் முறைக்க முடியாது. ஒரே பள்ளியில் படித்தோம், கல்யாணமாகி இருபத்தாறு வருடம், ஆனாலும் வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டால் என் மனைவி வேறு ஆள்.

"குண்டன் எந்திரிக்க மாட்டேங்குறான். கொஞ்சம் வந்து பாரேன்."

குண்டன் என்பது அவளுடைய பிராணிகள் கிளினிக்கின் சர்வர். பின்னறையில் மருந்து அலமாரிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டி. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான்தான் அமைத்துக் கொடுத்தேன். எந்த நாய்க்கு எப்போது தடுப்பூசி, எந்தப் பூனைக்கு எந்த மருந்து ஆகாது என்ற மொத்தக் கதையும் அதன் வயிற்றில்தான் இருக்கிறது.

போனேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரையும் வந்தது. பதிவேடு மட்டும் திறக்கவில்லை. பத்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, பதிவேட்டு சாஃப்ட்வேரைத் தனியாக ஒருமுறை கிளப்பினேன். திறந்துகொண்டது. ஏன் திறந்தது? தெரியவில்லை. காரணம் தெரியாமல் சரியானது மறுபடி கெடும்.

கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. இன்றுதான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

மார்ச் 4, புதன்

மறுபடி கெட்டது. அதே இடம், அதே அடம்.

முதலில் ஒயர்களைச் சந்தேகப்பட்டேன். பிறகு மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஹார்டு டிஸ்க்கைச் சோதித்தேன், நல்ல ஆரோக்கியம். வீட்டில் ஏதாவது காணாமல் போனால் எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்போமே, அப்படி ஒவ்வொரு பாகத்தையும் பார்த்தாயிற்று.

எனக்கு நாய் என்றால் உதறல். கிளினிக்கில் இது ஊரறிந்த ரகசியம். காத்திருக்கும் கூடத்தைக் கடக்கும்போது ஒரு ஃபைலை முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போகிறேன். டாக்டருக்கு உதவியாளராக இருக்கும் பெண், என்னை அண்ணே என்பதால் எனக்குத் தங்கச்சி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, அது கட்டிப்போட்ட நாய்தான்" என்றாள். கட்டை அவிழ்க்க எவ்வளவு நேரமாகும்?

மார்ச் 5, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

குண்டன் தன் வேலைகளை வரிசையாகக் குறித்துவைக்கும் பட்டியலை முதல் வரியிலிருந்து படித்தேன். நேற்று மாலை வரை தேதி சரியாக இருக்கிறது. இன்று காலை எழுந்ததும் பதினோரு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று!

உள்ளே கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோது மணியும் தேதியும் மறக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது செத்துவிட்டது. குண்டன் எழுந்த கொஞ்ச நேரத்தில் இணையத்தைக் கேட்டுத் தேதியைத் திருத்திக்கொள்கிறான். ஆனால் அதற்கு முன்பே பதிவேடு எழுந்துவிடுகிறது. நேற்று எழுதிய பதிவுகள் எல்லாம் பதினோரு வருடம் கழித்து வரப்போகிறவை என்று அதற்குத் தோன்றுகிறது. பயந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. பாவம்.

மற்ற இடங்களில் சர்வரை யாரும் அணைப்பதில்லை. இங்கே டாக்டரின் சட்டம் வேறு. எப்போதோ ஒரு பிளக் கருகிப் புகைந்ததிலிருந்து, கிளம்பும்போது தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைப்பாள். ஒரு சுற்று, இரண்டாம் சுற்று. ஸ்கூட்டரைக் கிளப்பியபின் இறங்கிப்போய் மூன்றாம் சுற்று. சர்வரை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வரும் வழியில் பேட்டரி வாங்கி, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன். நாளை போட்டால் முடிந்தது.

மார்ச் 6, வெள்ளி

போடவில்லை.

குண்டன் வழக்கம்போல் படுத்தான், வழக்கம்போல் பத்து நிமிடத்தில் எழுப்பினேன். "என்னன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மழுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏன் என்று தெரியாதா எனக்கு. பேட்டரியைப் போட்டால் நாளையிலிருந்து நான் போக வேண்டாம். போக வேண்டாம் என்றால் என்ன? காலை எட்டரை மணிக்கு அவள் போனபின் வீட்டில் சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்கிறது. அதுதான்.

திங்கள்கிழமை போட்டுவிடலாம்.

மார்ச் 9, திங்கள்

ஸ்கூட்டரில் அவள் ஓட்ட, நான் பின்னால். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறாள், பாதி காற்றில் போகிறது. மீதிக்கு ம் கொட்டுகிறேன். பதினோரு மணிக்குத் தேநீர். ஒரு பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தருகிறாள். தந்துவிட்டு அதிலிருந்தே ஒரு விள்ளல் எடுத்துக்கொள்கிறாள்.

ஒரு கிழட்டுப் பூனையிடம், "என் தங்கமே, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று கொஞ்சினாள். அந்தக் குரலை நான் கேட்டுப் பல வருடம் இருக்கும். பூனைமேல் பொறாமைப்படும் வயதா எனக்கு? ஐம்பத்து மூன்று.

பேட்டரி கூட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மார்ச் 11, புதன்

இன்றும் போடவில்லை. கேட்க யாரும் இல்லாததால் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: நாளை.

மார்ச் 12, வியாழன்

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

தினமும் கிளினிக் போகிறேனே என்று முடிவெட்டிக்கொள்ளப் போனேன். அவளை முன்னால் போகச் சொன்னேன், நான் கிளினிக் போய்ச்சேரப் பத்தே கால் ஆகிவிடும் என்று தெரிந்தும். போன் சத்தமில்லாமல் பைக்குள். எனக்கு முன்னால் மூன்று பேர். பெரிய மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து காத்திருந்தேன்.

வெளியே வந்து பார்த்தால் பதினான்கு தவறிய அழைப்புகள்.

பக்கத்துத் தெருத் தையல்காரர் தன் பழுப்பு நாயைக் கிளினிக்குக்குத் தூக்கி வந்திருக்கிறார். இரும்புக் கதவில் நகம் மாட்டிப் பிய்ந்திருக்கிறது. வலிக்கு ஊசி போட வேண்டும். அவரிடம் இரண்டு நாய்கள். போன வருடம் அதில் ஒன்றுக்கு ஒரு வலி ஊசி போட்டதும் முகம் வீங்கி மூச்சுத் திணறியது டாக்டருக்கு நினைவிருக்கிறது. எந்த நாய், எந்த மருந்து என்பது நினைவில்லை. அன்று கூட வந்தவர் தையல்காரரின் வீட்டம்மா, அவர் வெளியூரில், போனும் எடுக்கவில்லை; தையல்காரருக்கு விவரம் தெரியாது. பதிவேடு திறக்கவில்லை. தெரியாமல் ஊசி போடமாட்டாள் அவள். காயத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

நாற்பது நிமிடம்.

தெருமுனைக்கே அதன் கத்தல் கேட்டது. ஓடினேன். ஃபைல் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லா நாய்களையும் தாண்டி ஓடினேன். குண்டனை எழுப்பினேன். அதே நாய்தான். அவள் கையில் எடுத்து வைத்திருந்த அதே மருந்துதான் ஆகாதது. வேறு மருந்து போட்டாள். ஐந்து நிமிடத்தில் அடங்கித் தூங்கியது. தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கும்பிடு போட்டார். எனக்கு!

எல்லோரும் கூடத்தில் இருந்தபோது பேட்டரியைப் போட்டேன். மூன்று நிமிடம் ஆயிற்று.

மார்ச் 13, வெள்ளி

காலையில் குண்டன் தானாகவே எழுந்தான். தங்கச்சி கைதட்டினாள். என்ன பண்ணினே என்று டாக்டர் கேட்டாள். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். கண்ணாடிக் கூட்டைத் திறந்தும் காட்டினேன், அதில் இப்போது ஒன்றுமில்லை என்றாலும்.

"ஒரு வாரமாவா?"

ஆமாம்.

"அந்த நாய் நாப்பது நிமிஷம் கத்துச்சு. அப்பவும் அது உன் பையிலதான் இருந்துச்சா?"

ஆமாம் என்றேன். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் நடந்தே வீடு வந்தேன்.

மார்ச் 14, சனி

காபி மட்டும் மேசைக்கு வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தோம். படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவளும் மறு முனையை நானும் பிடித்திருந்தோம். அப்போது சொன்னாள்.

"கூட வரணும்னு தோணினா வர்றேன்னு சொல்ல வேண்டியதுதானே. அதுக்கு ஒரு மெஷின் கெட்டுப்போயிருக்கணுமா?"

எந்த முகத்தோடு சொல்வது, அங்கே எனக்கு என்ன வேலை இருக்கிறது என்றேன். ஐம்பத்து மூன்று வயதில் விரிப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் விரிப்போடு என் பக்கம் வந்தாள். மடிப்புக்கு வருகிறாள் என்று நினைத்தேன். நெற்றியை என் தோளில் வைத்து அப்படியே நின்றாள். இன்னும் கோபம் போகவில்லை என்றும் சொன்னாள். போக வேண்டாம், நியாயமான கோபம்.

பிறகு வேலையையும் சொன்னாள். தங்கச்சி ஒருத்தியால் பெரிய நாய்களைப் பிடிக்க முடியவில்லையாம். கால்களை அவள் பிடிப்பாள், தலையைப் பிடிக்க ஆள் இல்லை.

தலையா? பல் இருக்கும் பக்கமா?

"ஆமா. அந்தப் பக்கம்தான்."

ஏப்ரல் 7, செவ்வாய்

தையல்காரரின் பழுப்பு நாய் வந்தது. நகம் வளர்ந்துவிட்டது, இன்று தடுப்பூசி மட்டும். மேசையில் ஏற்றியதும் உடம்பெல்லாம் நடுங்கியது. என்னைவிட அதற்குத்தான் அதிக பயம் என்று கிட்டே போனால்தான் தெரிகிறது. தலையை என் முழங்கை வளைவில் வைத்துக்கொண்டேன். காதுக்குப் பின்னால் தடவியபடி, "என் தங்கமே, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். என் வாயில் தானாக வந்துவிட்டது. ஊசியோடு நின்ற டாக்டர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊசி போனதுகூட அதற்குத் தெரியவில்லை. முடிந்த பிறகும் தலையை எடுக்காமல் என் கையிலேயே வைத்திருந்தது. நானும் எடுக்கவில்லை.

மாலையில் மூன்று சுற்று சுவிட்ச் அணைத்துவிட்டு வீடு வந்தோம். மூன்றாவது சுற்று இப்போது என்னுடையது. சட்டையெல்லாம் பழுப்பு முடி.

குண்டனை இன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதுதான் நினைவு வந்தது.