ஆர்டர் ரத்தான பிறகுதான் நீ விழுந்தாயாம்

என் தங்கத் தம்பி மாதேஷுக்கு,

நீ போன பிறகும் தருமபுரியில் மழை விடவில்லை. நீ வழுக்கி விழுந்த வளைவில் ஜல்லி அப்படியே கிடக்கிறது. பஸ் அந்தப் பக்கம் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சாப்பாட்டுப் பையோடு நீ ரோட்டில் கிடந்தபோது உன் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். உன்னோடு டெலிவரி ஓட்டும் அருள்தான் எடுத்திருக்கிறான். ஆர்டர் போட்ட வாசுகி டீச்சர் பேசியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும், "சாப்பாட்ட விடுங்க தம்பி, மொதல்ல அந்தப் புள்ளையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஆர்டரை ரத்து செய்து, ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தார். நீதான் கண் திறக்கவில்லை.

அந்த இரக்கமே இப்போது நமக்கு எதிராக நிற்கிறது. ஆப் கம்பெனியிடம் இன்சூரன்ஸ் கேட்டோம். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரத்தையே விபத்து நடந்த நேரமாக எடுத்துக்கொண்டார்களாம்; அதற்கு முன்பே ஆர்டர் ரத்தாகிவிட்டதாம். அதனால் விபத்தின்போது நீ வேலையில் இல்லையாம். பிறகு அந்த மழையில் எதற்குப் போனாய் என்று நினைக்கிறார்கள்? நேரில் கேட்க இங்கே அவர்களுக்கு ஆபீஸ் கிடையாது. ஆப்பில் எழுதினால், 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்' என்று வருகிறது. மறுபடி எழுதினாலும் அதே வரிதான்.

டீச்சர் வீட்டுக்கு வந்தார். "நான் கேன்சல் பண்ணாம இருந்திருக்கணுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைத் தேற்றி அனுப்பினேன். என்னை யார் தேற்றுவது?

தொழிலாளர் அலுவலகத்துக்கும் போனோம். அதிகாரி உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். "உங்க தம்பியத் தொழிலாளின்னே அவங்க ஒத்துக்கலீங்களேம்மா, பார்ட்னர்னு போட்டிருக்காங்க. மேல எழுதறேன். நடக்கும்னு மட்டும் என்னால சொல்ல முடியலீங்க" என்றார். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

உன் கூட்டாளிகள் உனக்கு நியாயம் கேட்டு ஒரு மத்தியானம் ஆப்பை அணைத்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்றார்கள். மறுநாள் அருளின் ஐடி முடங்கிவிட்டது. ஏன் என்று கேட்டான். பதில் சொல்ல ஆளில்லை.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. உன் மனைவி செல்வி அதே ஆப்பில் சேர்ந்துவிட்டாள்.

"வேணாஞ் செல்வி, நாம வேற ஏதாச்சும் பாத்துக்கலாம்" என்று கெஞ்சினேன்.

"பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள நானும் வூட்டுக்கு வந்துரலாங்க அண்ணி. அந்த மாதிரி வேற வேல எங்க இருக்குது, சொல்லுங்க."

நேற்று அவளுக்கு முதல் ஆர்டர் வந்தது. அவள் ஹெல்மெட் பட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். அவள் திரும்பி வரும்வரை அடுப்பைக்கூடப் பற்றவைக்கத் தோன்றவில்லை.

உனக்கு நியாயம் வாங்கித் தருவேன் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை, தம்பி. என்னால் முடிந்தது ஒன்றுதான். உன்னைப் பற்றி யார் கேட்டாலும், எந்த ஆபீசில் கேட்டாலும், என் தம்பி வேலை செய்யும்போதுதான் செத்தான் என்று சொல்வேன். மாற்றிச் சொல்ல மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ராணி அக்கா