கடைசிப் பெட்டிக்குப் பின்னால்

அஸ்தினாபுரம்,
17.9.2006, ஞாயிறு.

அன்பு மகள் தபீதாளுக்கு,

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. அப்பா எழுதுகிறேன். ஒரு வருடமாக நீ போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போன அதே அப்பாதான். போனில் பேசினால் நடுவில் எனக்குக் கோபம் வந்துவிடும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறாதே என்று குரோம்பேட்டை டாக்டர் சொல்லியிருக்கிறார். இவள் மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அசிஸ்டெண்ட் டிரைவர் வேலையை விட்டுவிட்டு வரப்போவதாகவும், ராஜினாமாவை எழுதிப் பையில் வைத்திருப்பதாகவும் அம்மா சொன்னாள். பேப்பரில் போடுவதற்காக உன்னை எஞ்சின் ஜன்னலில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, வண்டி புறப்படும்போது இறக்கிவிட்டார்களாமே. "போதும்மா, எறங்கு" என்று ஒருவன் சொன்னானாம். 'எஞ்சின் வேலை பெண்பிள்ளைக்குச் சரிப்படாது என்று அப்போதே சொன்னேனே' என்று எழுதத்தான் நினைத்தேன். அதற்குள் நேற்று ஒன்று நடந்துவிட்டது.

தாம்பரம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் பழைய படம் ஒன்று போட்டார்கள். மின்சார எஞ்சின் வரப்போகிறது என்று நாற்பது வருடத்துக்கு முன் எடுத்த விளம்பரப் படம். அந்த எஞ்சினை நான்தான் ஓட்டினேன் என்று சின்ன வயதில் உனக்குக் கதை சொல்வேனே, அதே படம்.

வருங்கால ரயில் எப்படி இருக்கும் என்று அதில் காட்டுகிறார்கள். தாம்பரம் வண்டியில் ஒருவர் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறார்! காலை எட்டரைக்குப் பல்லாவரத்தில் அவர் ஏறிப் பார்க்கட்டும். கூட்டமே சிரித்தது.

பிறகு புது எஞ்சின் வந்தது. ஜன்னலில் தொப்பி போட்டுக் கையசைத்தவன் சுந்தர்சிங், எங்கள் எஞ்சின் ஷெட்டில் கிளார்க். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான் என்று பிடித்து உட்கார வைத்தார்கள். அம்மா என் சட்டையை இழுத்து, "நீங்க எங்க, காணமே?" என்றாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவளிடமும் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தேன்.

உண்மை இதுதான், தபீதா. அன்று கம்பியில் கரண்டே வரவில்லை. கேமராவுக்குத் தெரியாமல் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கரி எஞ்சினை மாட்டித் தள்ளினோம். அதில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் நான். புகை வரக்கூடாது என்று டைரக்டர் கத்திக்கொண்டே இருந்தார். இருக்கிற தணலை வைத்தே மூன்று தடவை தள்ளினோம். நாலாவது தடவை ஸ்டீம் இறங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு ஷவல் கரி போட்டேன். படத்தில் 'இனிப் புகையே இல்லை' என்று ஒரு குரல் முழங்குகிறது. அதே நேரம் கடைசிப் பெட்டிக்கு மேலே கொஞ்சம் புகை தெரிகிறது. அதுதான் நான்.

அம்மாவிடம் அங்கேயே ஒப்புக்கொண்டேன். "முப்பது வருசமா இந்தப் பொகையவா நான் ஊரெல்லாம் பெருமையா பேசிட்டிருந்தேன்?" என்று கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கண் டெஸ்டில் தவறி, கடைசிவரை டிரைவராகாமலே ரிட்டயரானவன் நான். என் பொய்யைக் கேட்டுத்தான் நீ எஞ்சின் ஏற ஆசைப்பட்டாய். நீ நிஜமாகவே ஏறப்போனபோது எனக்குப் பொறாமை வந்தது. அதைத்தான் கோபம் என்று காட்டிக்கொண்டேன். மன்னித்துவிடு.

சுந்தர்சிங்குக்கு அந்தப் படமே போதுமாக இருந்தது. போட்டோவில் ஒரு காப்பி கேட்டு ஒரு மாதம் அலைந்தான். உனக்கு அது போதவில்லை என்றுதானே அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறாய்? அப்படியானால் நாளைக்கே போய், வண்டியில் என்னையும் அனுப்புங்கள் என்று கேள். மறுத்தால், அதை எழுத்தில் கொடுக்கச் சொல்.

நீ எப்படி வந்தாலும் கதவு திறந்திருக்கும், அம்மா மீன்குழம்பு வைப்பாள். ஆனால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வாம்மா.

இன்று ஆலயத்தில் உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினேன். இனி போன் அடித்தால் நான்தான் எடுப்பேன்.

உன் அப்பா,
ஃபயர்மேன் லாசரஸ்