மூடியில் ஒட்டிய சீட்டு

மகனே,

இன்று உன் பிஸ்கட் டப்பாவிலிருந்து நான் ஒன்றுகூட எடுக்கவில்லை. சிரிக்காமல் திறந்து பார்.

அரசுப் பள்ளியில் இடமில்லை என்று அலைக்கழித்ததால் மருமகள் உன் மகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தினாள். நீயோ, "ஒரு எழுத்தும் ஏறல, அத்தை ஊருக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாம்" என்றாய். காலையில் நான் டப்பாவில் கை வைத்ததும், நீ மூடியில் புதிதாக ஒட்டிய சீட்டை அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள், பக்கத்து வீட்டு நாயே பதுங்கும்படி: "தாத்தா தொடக் கூடாது! கைய எடுங்க தாத்தா!"

மாட்டிக்கொண்டதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. கொண்டாட மூவரும் பூங்காவுக்குப் போகிறோம். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

பி.கு.: அவளை எந்த ஊருக்கும் அனுப்ப விடமாட்டேன்.

(கீழே மகனின் கிறுக்கல்)
டப்பா நிறைஞ்சுதான் இருக்குப்பா. அவ வாசிச்சுட்டா, ஒத்துக்கிறேன். இங்கயே படிக்கட்டும்.