நீ டீசல்தான் ஊற்றினாய்

நேற்றுக் காலையில் கையில் ஏறிய டீசல் வாடை இன்னும் போகவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அதே வாடை. கட்டிக்கொண்ட பாவத்துக்குச் சரசு முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் ரசம் ஊற்றினாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு இது.

என் பழைய டீசல் கார் சரியாகிவிட்டதடா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதைவிடப் பெரிய சேதி ஒன்றும் இருக்கிறது, வருகிறேன்.

அந்தக் காரின் சத்தம் உனக்கு மறந்திருக்காது. ஒரு தடவை பாலிக் புலாவ் போகும் வழியில், மலை வளைவில் டீசல் தீர்ந்து நின்றுவிட்டோம். லாரிக்காரர் ஒருவரிடம் ஒரு டின் வாங்கி ஊற்றினோம். குழாயில் காற்று ஏறிவிட்டதால் ஸ்டார்ட் ஆகவில்லை. நான் ஃபில்டர் திருகைத் தளர்த்திப் பிடிக்க, நீ கைப் பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தாய். நுரை நுரையாக வந்த டீசல் சுத்தமாக வருவதற்குள் உன் வெள்ளைச் சட்டை பாழ். "காடி ஓடுறப்ப நீ பேசுறது எனக்குக் கேக்காது, நான் பேசுறது உனக்குக் கேக்காது. இப்படி நின்னாத்தான்டா நம்ம ரெண்டு பேரும் பேசிக்க முடியும்," என்றாய். பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்து வேலை, கிராணியாக முப்பது வருஷம் சட்டை கசங்காமல் வேலை பார்த்தவன், ரோட்டோரம் எண்ணெயில் குளித்துவிட்டு அப்படிச் சிரித்தாய்.

போன வருஷம் ஜூலையில் அந்தக் காரை இரவல் கேட்டாய். ஈப்போவிலிருந்து உன் மாமனார் வீட்டார், ரீத்தாவின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லோரையும் புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத் திருவிழாவுக்குக் கூட்டிப் போக உன் சின்னக் கார் போதவில்லை. மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, "டாங்க் ஃபுல்லா ஊத்தியிருக்கேன்டா, பத்து நாளைக்கு நீ பம்ப் பக்கமே போவ வேணாம் லா," என்றாய். பெரிய மனுஷத்தனமாகச் செய்த காரியம். அதுதான் உன் தலையில் விடிந்தது.

அடுத்த நாள் பாயா தெருபோங் மேட்டில் கார் மூச்சு வாங்கியது. எவ்வளவு மிதித்தாலும் ஏறவில்லை. பின்னால் கரும்புகை. மோட்டார் சைக்கிள்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிவிட்டுப் போனார்கள். பட்டறையில் டாங்கைக் காலி செய்தார்கள், பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள். யாராவது எண்ணெய் மாற்றிப் பெட்ரோல் ஊற்றியதில் பம்ப் கெட்டிருக்கலாம் என்று பட்டறைக்காரர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். எனக்கு அது போதுமாயிருந்தது. பாயான் பாரு பக்கத்து ஃபேக்டரியில் இருபத்தொன்பது வருஷம் நான் பார்த்த வேலையே பழுது கண்டுபிடிக்கிற வேலை. அங்கே எங்களுக்கு முதல் கேள்வி, கடைசியாக என்ன மாறியது என்பதுதான். கடைசியாக மாறியது எண்ணெய். ஊற்றியவன் நீ. உன் சொந்தக் கார் பெட்ரோல் கார். கணக்கு முடிந்தது.

உன் வீட்டு வாசலில் நின்றே கேட்டேன். உனக்கு முகம் வெளுத்துவிட்டது.

"டீசல்தான்டா ஊத்துனேன். போறப்பவே கடல் பாலத்து ஏத்தத்துல இழுக்கல. நான் எண்ணெ ஊத்துனது வர்றப்பதான்."

"அத ஏன் சாவி குடுக்கிறப்ப சொல்லல?"

"பழைய காடிதானே, ஆளும் கூடன்னு விட்டுட்டேன். மாதா மேல சத்தியமா டீசல்தான்டா."

நீ சத்தியம் செய்கிற ஆளே இல்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. போகும்போதே இழுக்கவில்லை என்று நீ சொன்னது எவ்வளவு பெரிய தடயம்! ஃபேக்டரியில் ஒரு புதுப் பெண் வந்து அப்படிச் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதியிருப்பேன். நீ சொன்னதால் சாக்கு என்று தள்ளிவிட்டேன். மூன்று மாதம் நாம் பேசவில்லை. சுங்கை பாக்காப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாளிலிருந்து அப்படி ஒரு இடைவெளி வந்ததே கிடையாது.

தீபாவளிக்கு நீதான் வந்தாய். வழக்கம்போல ரீத்தாவோடு, வழக்கம்போலக் கேக்கோடு. உட்கார்ந்த கையோடு சொன்னாய்: "சரிடா, நான்தான் மாத்தி ஊத்திட்டேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. விடு."

"அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?" என்று கேட்டு, உன் தோளில் தட்டி, பெரிய மனசோடு மன்னித்தேன். அதன் பிறகு நான்கு மாதம் பழையபடி இருந்தோம். அப்புறம் ஒரு வியாழக்கிழமை காலையில் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

வெளியே பழையபடிதான். உள்ளே எனக்கு ஒன்று அடைத்துக்கொண்டே இருந்தது. காரைக் கெடுத்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை, நம்பு. மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்தானே, அதுவும் என்னிடம், என்பதுதான். உன் அடக்கப் பூசையன்று தேவாலயத்தில் முன்வரிசையில் இருந்தேன். எல்லோரும் அழுதார்கள். நான் மாதா சொரூபத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சத்தியத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். சவப்பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது வருகிற நினைப்பா அது? எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

போன வாரம் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை நானே பார்த்துவிடலாம் என்று நேற்றுக் காலை பொனெட்டைத் திறந்தேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன், காற்றை வெளியேற்றினேன், வெடித்திருந்த ரப்பர் குழாய் இரண்டை மாற்றினேன். மாற்றம் இல்லை. வேகம் கூட்டினால் அதே புகை. ஏர் ஃபில்டர் மட்டும் எப்போது திறந்தாலும் புத்தம் புதிதாக இருக்கும். பட்டறைக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காற்றே போகாத இடத்தில் தூசி எங்கிருந்து வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பேட்டரிக்குப் பக்கத்தில் கை நுழையவில்லை என்று, வெளிக்காற்றை ஏர் ஃபில்டருக்குக் கொண்டுவரும் கறுப்புக் குழாயைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். மிதித்தேன். இஞ்சின் உறுமியது. புகை இல்லை. நிறுத்திவிட்டுக் குழாயை மாட்டினேன், புகை. கழற்றினேன், இல்லை. கம்பியை வளைத்துக் குழாய்க்குள் விட்டு இழுத்தேன். வளைவில் அடைத்துக்கொண்டிருந்தது ஒரு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காய்ந்து கருத்த எலுமிச்சம்பழம், கொஞ்சம் திருநீறு. சுற்றிலும் சருகும் தூசியும்.

சரசு எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இது இங்கயா இருக்கு? ரோட்டுல விழுந்துருச்சுன்னுல நெனச்சேன்!"

"நீயா வெச்ச?"

"அண்ணன் அன்னிக்கு இந்தக் காடிய எடுத்துட்டுப் போனாருல்ல, வேகமா ஓட்டுவாரு. பாலத்துல காத்து வேற. அம்மன் கோயில் பூசையில வெச்சு வாங்கிட்டு வந்தேன். முன்னால கட்டுனா, அவங்க திருவிழாவுக்குப் போறப்ப ஏன் இதுன்னு அவருக்குச் சங்கடமா இருக்குமோன்னு, கண்ணுல படாம இந்தக் குழா வாய்ல வெச்சேன். திரும்பி வந்தப்பப் பாத்தேன், காணோம்."

நாம் சண்டை போட்டது எண்ணெயைப் பற்றி. அவள் வைத்தது பழம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு எப்படித் தோன்றும்? கடைசியாக என்ன மாறியது என்ற கேள்வி சரிதான். பதிலைத் தேட நான் என் வீட்டுக்குள் போகவில்லை, உன் வீட்டு வாசலுக்கு வந்தேன். சரசு அழ ஆரம்பித்துவிட்டாள். உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதானே செய்தாள். நான் அவளைத் திட்டவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு பாயா தெருபோங் மேட்டுக்குப் போனேன். கார் ஒரே மூச்சில் ஏறியது. மேலே போய் நிறுத்திவிட்டு, "டீசல்தான் ஊத்தியிருக்கான்!" என்று கத்தினேன். சரசு பயந்துபோனாள்.

சாயங்காலம் ரீத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"தீவாளிக்கு உங்க வீட்டுக்கு வர்றப்பவே சொன்னாருண்ணே. இன்னிக்கு ஒரு பொய் சொல்லப் போறேன், நீ மூஞ்சில காட்டிக் குடுத்துறாதேன்னு. ஏன் செய்யாதத ஒத்துக்கணும்னு கேட்டேன். அவனுக்குக் காரணம் வேணும், எனக்கு அவன் வேணும்னாரு. அந்த வாரமே சாமியார்கிட்டப் போயி, பொய் சொன்னேன்னு பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டு வந்தாரு."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது. என் பிடிவாதத்துக்காக நீ போய் முழந்தாள் போட்டிருக்கிறாய், நானோ உன்னை மன்னித்தவன் என்ற மிதப்பில் நான்கு மாதம் உன்னோடு காப்பி குடித்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருக்கிறது, என்ன செய்ய. இதுவரை உன்னைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், நல்லவன் என்று வாய் சொல்லும், "ஆனாலும்" என்று மனசு ஒரு இழுப்பு இழுக்கும். இன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரர் உன்னைப் பற்றிக் கேட்டார். நல்லவன் என்றேன். அதற்கு மேல் உள்ளே ஒரு சத்தமும் இல்லை.